கலவாவா, கடல்விராலா, ஓராவா? ஈரல் பார்க்க எந்த மீனை எடுப்பது

சித்தப்பா மகள் போன மாதம் போன் பண்ணினாள். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள், தலைப்பும் முடிவாகிவிட்டது: மீனின் கல்லீரல் செல்கள் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றம் ஆணிலும் பெண்ணிலும் எப்படி வேறுபடுகிறது. "அண்ணே, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் போகலாமா, இல்ல சாதா ஸ்லைடே போதுமா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. எந்த மீன் என்று நான் திருப்பிக் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்றாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் நானும் சொன்னவன்தான், அந்தக் கடனுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து விடிகாலையில் போய், ஐஸுக்குள்ளிருந்து பளபளவென்று இருக்கிற மீனாகப் பொறுக்கி, ஈரலை எடுத்து ஃபார்மலினில் போட்டு ஆறு மாதம் சேர்த்தேன். ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஆண், பெண், ஐப்பசி, தை எல்லாம் ஒரே மாதிரி. செல்லின் எல்லை கலங்கிக் கிடக்கிறது, உட்கரு சுருங்கிப் போயிருக்கிறது, ஈரல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனுக்கு உரிய சாயம் போட்டால் எங்குமே நிறம் பிடிக்கவில்லை. "இந்த மீனில் பருவ மாற்றம் காணப்படவில்லை" என்று ஒரு பத்திகூட எழுதி வைத்துவிட்டேன், நல்லவேளை யாருக்கும் காட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அத்தனையும் செத்துப் பல மணி நேரமான ஈரல்.

ஈரல் நொதிகள் நிறைந்த உறுப்பு. மீன் செத்ததுமே அது தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. மீன் வெட்டுகிற அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள், சதை கெட்டியாக இருக்கும்போதே குடலும் ஈரலும் கூழாகிக் கிடக்கும் என்பார்கள். ஐஸ் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இது ஒரு பக்கம் என்றால், மீன் சாவதற்கு முன்பே இன்னொரு சேதம் நடந்துவிடுகிறது. இழுவலைக்குள் அடைபட்டுத் துடிக்கிற மீன், ஈரலில் சேர்த்து வைத்திருந்த கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி ரத்தத்துக்கு அனுப்பித் தீர்த்துவிடும். ஆக, நீங்கள் கிளைக்கோஜனை அளந்து "கோடையில் குறைவு, மழைக்காலத்தில் அதிகம்" என்று எழுதினால், கோடையில் வலையை அதிக நேரம் இழுத்தார்கள் என்பதைத்தான் அளந்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. பருவம் ஈரலில் போடுகிற கோடு மெல்லியது. பிடித்த விதமும் செத்த நேரமும் போடுகிற கோடு தடிமனானது. எந்த மீன், யாரிடமிருந்து, எப்படி என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

அப்படி என்னதான் மாறுகிறது ஈரலில்? பெண் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் மஞ்சள்கருவுக்கான முக்கியமான சரக்கு சினைப்பையில் தயாராவதில்லை. சினைப்பை ஈஸ்ட்ராடையால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும், அது வந்து தட்டியதும் ஈரல் செல்கள் வைட்டலோஜெனின் என்ற பெரிய புரதத்தைச் செய்யத் தொடங்கும். (இந்தப் பெயரை 1969-ல் வைத்தவர்கள் பூச்சிகளை ஆராய்ந்தவர்கள். பிறகு மீனுக்கும் கோழிக்கும் அதுவே நிலைத்துவிட்டது.) அந்தப் புரதம் ரத்தம் வழியே சினைப்பைக்குப் போய் முட்டைக்குள் சேரும். பல மீன்களில் முட்டையின் மேலுறைக்கான புரதமும் ஈரலில்தான் தயாராகிறது. சினை பிடிக்கும் காலத்தில் பெண் மீனின் ஈரல் செல், காலை ஏழு மணிக்கு இட்லிக் கடை அடுப்படி எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். செல் பெருக்கும், உட்கரு பெரிதாகும், அதற்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் கண்ணில் படும்படி தெளியும். புரதம் செய்கிற எண்டோபிளாச வலை உட்கருவைச் சுற்றி அடுக்கடுக்காகக் கூடும், அதில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்களால் சாதாரண ஹீமடாக்சிலின் சாயத்திலேயே செல் நீலம் வாங்கும். சேமித்த கொழுப்பும் கிளைக்கோஜனும் அந்த அளவுக்கு இறங்கும். முட்டை விட்டு முடிந்ததும் இந்த ஏற்பாடெல்லாம் குலைந்து, தேவையில்லாத உறுப்புகளைச் செல்லே செரித்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சேமிப்பு மறுபடி ஏறும்.

ஆண் மீனில் இந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. தீனி, தண்ணீரின் சூடு, இனப்பெருக்கத்துக்கான செலவு இவற்றுக்கு ஏற்ப கிளைக்கோஜனும் கொழுப்பும் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதனால் ஆண் ஈரலைப் பார்த்தால் பருவம் என்ன செய்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், பெண் ஈரலில் அதற்கு மேல் என்ன இருக்கிறதோ அது சினையின் வேலை. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் ஆணும் பெண்ணும் கிடைக்கிற மீன்தான் இந்தத் தலைப்புக்கு வேண்டியது. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த நிபந்தனையில்தான் அவள் பட்டியலில் இருந்த மீன்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன.

கலவா அவளுடைய முதல் ஆசை. பெண்ணாகப் பிறந்து வளர்ந்து பிறகு ஆணாக மாறுகிற மீன், "ஆண் பெண் வேறுபாடு" என்று தலைப்பு வைத்தவர்களுக்கு இதைவிடக் கவர்ச்சியாக என்ன வேண்டும்? சிக்கலும் அங்கேதான். சின்னது பெண், பெரியது ஆண் என்று ஆகிவிட்டால், நீங்கள் காணும் வேறுபாடு பாலினத்தால் வந்ததா வயதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. நடுவில் மாறிக்கொண்டிருக்கிற மீன் வேறு. விளைமீனிலும் பல இனங்களுக்கு இதே கதை. கொடுவா தலைகீழ், முதலில் ஆண், வருடங்கள் கழித்துப் பெண். இவையெல்லாம் அருமையான தலைப்புகள்தான், ஆனால் அந்தத் தலைப்பு வேறு, இந்தத் தலைப்பு வேறு. அப்புறம் காசு. ஏலத்தில் கலவாவின் வயிற்றைக் கிழித்து ஈரலை மட்டும் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஏலக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். முழு மீனையும் வாங்கித்தான் ஆக வேண்டும், மாதம் பன்னிரண்டு கலவா வாங்கினால் வீட்டில் குழம்பு நன்றாக இருக்கும், உதவித்தொகை நிற்காது.

கடல்விரால், அதாவது கோபியா, அவளுடைய வழிகாட்டியின் யோசனை. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் இதற்கு வரலாறு இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடமே 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது, இப்போது இங்கே இருப்பது மண்டல மையம். 2010-ல் இந்தியாவிலேயே முதல் தடவையாகக் கடல்விரால் குஞ்சு பொரித்ததும் அங்கேதான், அதற்குப் பிறகு இந்தக் கடற்கரையில் கூண்டுகள் பெருகின. கூண்டு மீன் என்றால் உயிரோடு கிடைக்கும், நேரம் சொல்லிப் போகலாம், ஈரலும் கைநிறைய இருக்கும். எல்லாம் சரி. ஆனால் கூண்டு மீனை ஓராண்டுக்குள் அறுவடை செய்துவிடுகிறார்கள், சினை பிடிக்கிற வயதுக்கு அது வருவதே இல்லை. சினை பிடிக்காத பெண்ணின் ஈரலில் வைட்டலோஜெனின் கதையைத் தேடுவது, நெல் நடாத வயலில் அறுவடைக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி. அதோடு, தினமும் வயிறு முட்டத் தீனி வாங்குகிற மீனின் ஈரல் கொழுப்பேறிக் கிடக்கும், பருவம் அங்கே தெரியவே தெரியாது. இனப்பெருக்கத்துக்கு என்று வைத்திருக்கிற தாய் மீன்களிடம் வேண்டியது கிடைக்கும், அவற்றை உங்கள் ஸ்லைடுக்காக யாரும் அறுத்துத் தரமாட்டார்கள்.

ஜிலேபி மீனை வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள், மலிவு, எங்கும் கிடைக்கும் என்று. நம் மாவட்டத்தில் "எங்கும்" என்பது கண்மாயில் தண்ணீர் இருக்கும் வரைக்கும்தான், பங்குனி தாண்டினால் பாதிக் கண்மாயில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஜிலேபி நம் சூட்டில் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க முட்டை வைக்கும், அதனால் பருவம் என்று ஒரு தெளிவான வளைவு கிடைக்காது. பெண் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் இனங்களில் அந்த நாட்களில் அது சாப்பிடுவதே இல்லை, பட்டினி ஈரலை நீங்கள் பெண் ஈரல் என்று எழுதிவிடுவீர்கள். பண்ணையில் வாங்கினால் இன்னும் வம்பு, குஞ்சுப் பருவத்திலேயே ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கி விற்கும் வழக்கம் உண்டு.

காரல், சூடை இரண்டும் மலிவோ மலிவு, குவியலாக வரும். குவியலாக வருவதுதான் குறை. கைக்கு வருமுன்னே நசுங்கி, செத்து, ஈரல் போன இடம் தெரியாது. திருக்கை, சுறா பற்றி அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். ஈரல் என்றாலே இந்தக் கரையில் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது அதுதான், சுறா ஈரலை உருக்கி எடுத்த நெய்யை வள்ளத்துக்குப் பூசியவர்கள் அவர்கள். ஈரல் மிதவையாகவும் வேலை செய்கிற உடம்பு அது, கொழுப்பின் கணக்கே வேறு. சுறா, திருக்கை இனங்கள் பல இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன, ஆராய்ச்சிக்கு என்று சொல்லி வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு: ஓரா, கிழங்கான். இரண்டிலும் ஆண் வேறு பெண் வேறு, பாதியில் மாறுவதில்லை. இரண்டும் கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், இரண்டும் ஒருவர் காசு போட்டு வாங்கித் தின்னக்கூடிய மீன்.

கிழங்கானுக்கு என் மனதில் ஓரவஞ்சனை உண்டு, சாப்பிடுவதற்கு. கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றால் சூட்டோடு கையில் வாங்கலாம், பவுன் (Bouin) என்ற பதப்படுத்தும் கரைசலில் போடும் வரை நடப்பதெல்லாம் உங்கள் கையில்தான். ஆனால் அதன் முட்டையிடும் காலம் நீண்டது, தவணை தவணையாக விடும். ஒரே நாளில் பிடித்த பத்துப் பெண்ணில் ஒன்று சினை ஏறும் நிலையில் இருக்கும், ஒன்று விட்டு முடித்திருக்கும், ஒன்று அடுத்த தவணைக்குத் தயாராகும். சராசரி போட்டால் எல்லாம் கலந்து தட்டையாகிவிடும். ஈரலும் சின்னது. ஒரே ஈரலில் பாதியைச் சாயத்துக்கும் பாதியை ரசாயனச் சோதனைக்கும் பிரிக்க நினைத்தால் கை தடுமாறும்.

ஓரா என் ஓட்டு. கடற்புல்லும் பாசியும் மேய்கிற மீன். கீழக்கரை, பாம்பன் பக்கம் கூடு (மீன் பொறி) வைத்துப் பிடிக்கிறார்கள் என்பதுதான் இதில் பெரிய வசதி. கூட்டில் விழுந்த மீன் நீந்திக்கொண்டிருக்கும், வலையில் மாட்டிய மீன் மாதிரி செவுள் கிழிந்து துடிக்காது. வாளியில் கடல் தண்ணீரோடு வாங்கி, கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டு மயக்கி, அங்கேயே நிழலில் அறுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: கூடு போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கண்டிப்பாகக் கேளுங்கள். நேற்றுப் போட்ட கூட்டு மீனும் நாலு நாளாகக் கிடக்கிற கூட்டு மீனும் ஒன்றில்லை, பின்னது பட்டினி. கூடு போடுகிற, நான் பழகிய காக்கா (இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரிடம் இதைக் கேட்டபோது சிரித்தார், "மீனு சாப்பிட்டுச்சான்னு கேக்குற மொத ஆளு நீதான் தம்பி" என்றார். ஆனாலும் அதற்குப் பிறகு எனக்கு ஒரே இரவுக் கூட்டு மீனாகத்தான் எடுத்து வைத்தார்.

இன்னொரு எச்சரிக்கை, ஓராவின் முள். முதுகிலும் அடியிலும் விஷ முள், குத்தினால் கை ஒரு மணி நேரத்துக்கு நம்முடையதாக இருக்காது. பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் கையை வைத்தால் வலி இறங்கும், கொதிக்கிற தண்ணீரில் இல்லை.

சரி, மீன் ஆயிற்று. எந்தக் கடல்? வெளியூர் ஆட்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. நமக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு. ஒன்று பாக் விரிகுடா, ஆழம் குறைவு, சேறு அதிகம். இன்னொன்று மன்னார் வளைகுடா, 21 தீவுகளும் அவற்றை ஒட்டிய பவளப்பாறையுமாக. 1986-ல் தேசியப் பூங்கா ஆன பகுதி, தீவுப் பக்கம் போய் மீன் எடுக்க அனுமதி வேண்டும். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் பொங்கும், தொழில் தென்கடலுக்கு நகரும். தென்காற்று அடிக்கிற சோழகக் காலத்தில் தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஆண்டு முழுக்க மீன் வேண்டும் என்று எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கினீர்கள் என்றால், ஆனியில் வடகடல் மீனும் கார்த்திகையில் தென்கடல் மீனுமாக ஒரு ஆராய்ச்சி உருவாகிவிடும். அப்போது பருவத்தால் மாறியதா கடலால் மாறியதா? இரண்டு கடலிலும் தீனி வேறு, தண்ணீர் வேறு. இந்தத் தவறைச் செய்துவிட்டால் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் கணக்கு அழகாக வந்திருக்கும்.

ஒரே கடல், ஒரே பத்துக் கிலோமீட்டர் கரை, அதைவிட்டு நகரக் கூடாது. ஒரு மாதம் கடல் விடவில்லை என்றால் அந்த மாதம் காலியாக இருக்கட்டும், பக்கத்துக் கடல் மீனை வைத்து நிரப்ப வேண்டாம். விசைப்படகை நம்பினால் கிழக்குக் கரைத் தடைக்காலம் வேறு குறுக்கே வரும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விடுகிற தடை அது, அதாவது உங்களுக்கு மிகவும் வேண்டிய மாதங்களாக இருக்க வாய்ப்புள்ளவை. நாட்டுப்படகுக்கும் கூட்டுக்கும் அந்தத் தடை இல்லை.

குளிர்நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் வெப்பத்தைப் பெரிதாக நினைக்கிறார்கள். ட்ரவுட் வாழும் ஓடைகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தண்ணீரே வேறு, ஈரல் செல்லில் வெப்பம் ஒன்றே பெரிய மாற்றம் செய்யும். நம் கடலில் மார்கழிக்கும் சித்திரைக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம்தான். இங்கே பருவம் என்பது காற்றின் திசை, மழைத் தண்ணீர், பாசி வளர்ச்சி, அதனால் வரும் தீனி. வெப்பமானியோடு நிறுத்தாமல், அறுத்த மீனின் குடல் நிறைந்திருந்ததா காலியா என்று ஒரு கட்டம் போட்டு எழுதி வையுங்கள், பின்னால் ஆயிரம் சந்தேகத்துக்கு அதுதான் பதில் சொல்லும்.

நாள் குறிப்பதில் ஒரு விஷயம். ஓரா இனங்கள் நிலாவைப் பார்த்து முட்டை விடுபவை, பிறைக் கணக்கு அவற்றின் உடம்பில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி என்று ஆங்கில நாட்காட்டியில் குறித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் பிறை நகர்ந்துகொண்டே போகும், ஆண்டின் ஒரு பகுதியில் முட்டை விடுவதற்கு முன்னும் இன்னொரு பகுதியில் பின்னுமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அமாவாசைக் கணக்கில் நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் வசதி, அவர்கள் நாட்காட்டியே அதுதானே. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் மட்டும் ராமேஸ்வரம் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், ஐஸ் பெட்டியோடு பாம்பன் பாலத்துப் போக்குவரத்தில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போதுதான் அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பா, சாதா ஸ்லைடா?

அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது, தராசு. ஈரலின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரல் விகிதம். ஒரு தராசும் கத்தியும் போதும். கேலி செய்யாதீர்கள், இது இல்லாத ஆய்வறிக்கை நிற்காது. ஆனால் முழு உடல் எடையால் வகுக்காமல், குடலும் சினையும் எடுத்த பிறகு உள்ள எடையால் வகுங்கள். சினைப்பை பெருத்த பெண்ணில் முழு எடையால் வகுத்தால் ஈரல் சும்மாவே சிறுத்ததாகத் தெரியும். ஈரல் கனத்தது என்று தராசு சொல்லும், எதனால் கனத்தது என்று சொல்லாது, கொழுப்பா, கிளைக்கோஜனா, புரத ஆலையா என்று பார்க்க ஸ்லைடு வேண்டும்.

பாரஃபினில் பதித்து 5 மைக்ரான் தடிமனில் சீவி, ஹீமடாக்சிலின்-இயோசின் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. இதை நான் சாதா என்று சொல்லமாட்டேன். உட்கருவின் விட்டத்தை அளக்கலாம், ஒரு சதுரத்துக்குள் எத்தனை உட்கரு விழுகிறது என்று எண்ணலாம், செல் பெருத்தால் எண்ணிக்கை இறங்கும். நீலம் வாங்கியிருக்கிறதா, வெளுத்து ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். ஓட்டை ஓட்டையாக இருப்பது கிளைக்கோஜன் இருந்த இடமா கொழுப்பு இருந்த இடமா என்பதுதான் குழப்பம், பாரஃபினுக்கு முன் போடுகிற ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஒரு துண்டை உறையவைத்துச் சீவி கொழுப்புச் சாயம் போட வேண்டும். இன்னொரு துண்டுக்கு பி.ஏ.எஸ். சாயம், கிளைக்கோஜன் இருந்தால் கருஞ்சிவப்பாக எடுக்கும். பக்கத்து ஸ்லைடை முதலில் நொதியில் ஊறவைத்துக் கிளைக்கோஜனைக் கரைத்துவிட்டு அதே சாயம் போட்டு ஒப்பிட வேண்டும், நிறம் போய்விட்டால் அது கிளைக்கோஜன்தான். நொதி வாங்கக் காசில்லாத நாளில் எங்கள் ஆய்வகத்தில் ஸ்லைடில் துப்பி வைப்போம். சிரிக்க வேண்டாம், எச்சிலில் இருக்கிற அமைலேஸ் அந்த வேலையைச் செய்யும், பழைய செய்முறைப் புத்தகங்களிலேயே உண்டு.

பதப்படுத்தக் குளிர்ந்த பவுன் கரைசல் நல்லது, கிளைக்கோஜன் ஃபார்மலினில் இருப்பதைவிட இதில் நிற்கும். பெயருக்கு ஏற்ற மாதிரி மஞ்சள்தான், கை ஒரு வாரத்துக்கு மஞ்சளாகவே இருக்கும். அதில் இருக்கிற பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், பாட்டிலின் வாயில் காய்ந்து ஒட்டியிருந்தால் திருகாதீர்கள். ஈரல் துண்டு மெல்லியதாக இருக்கட்டும், முழு ஈரலைப் போட்டால் வெளியே பதமாகும், உள்ளே அழுகும். பித்தப்பையைக் கிழித்துவிட்டால் அந்த ஈரலைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடுங்கள்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் காட்டுவது வேறு உலகம், மறுக்கவில்லை. எண்டோபிளாச வலை அடுக்கு அடுக்காக இருப்பதும், முட்டை விட்டபின் அது துண்டு துண்டாகிச் செரிக்கப்படுவதும், செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா, பெராக்சிசோம் இவற்றின் எண்ணிக்கையும் அங்கேதான் தெரியும். ட்ரவுட் ஈரலில் பெராக்சிசோம்கள்கூடப் பருவத்தோடு ஏறி இறங்குவதைப் போர்ச்சுகல் ஆட்கள் காட்டியது அப்படித்தான். ஆனால் துண்டு 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், மீன் செத்த சில நிமிடத்துக்குள் குளுட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் திரவத்தில் விழ வேண்டும், பிறகு ஆஸ்மியம், பிசின், வைரக்கத்தி, வெளியூர், வரிசை, கட்டணம். அத்தனையும் கடந்து நீங்கள் பார்ப்பது ஈரலின் ஒரு தூசியளவு மூலையை. பன்னிரண்டு மாதம், மாதம் ஆறு ஆண் ஆறு பெண் என்றால் 144 மீன். 144 மீனையும் அங்கே அனுப்ப முடியாது, அனுப்பினாலும் படம் பார்க்கவே இரண்டு வருடம் ஆகும். அவள் விரும்பியபடி இதிலிருந்து தொடங்கினால் மாதத்துக்கு ஒரு மீன் என்று சுருங்கிவிடும், ஒரு மீனை வைத்து ஒரு மாதத்தைப் பற்றிப் பேச முடியாது.

ரத்தத்தில் வைட்டலோஜெனினையே நேரடியாக அளக்கலாமே என்றும் கேட்டாள். ட்ரவுட்டுக்குச் செய்த சோதனைப் பெட்டியை ஓராவுக்குப் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், ஒரு இனத்தின் புரதத்தைப் பிடிக்கச் செய்த எதிர்ப்புரதம் இன்னொரு இனத்தில் பிடிக்காமல் போகும். அதற்குப் பதில் பழைய மலிவான வழி இருக்கிறது: வைட்டலோஜெனினில் பாஸ்பேட் நிறைய ஒட்டியிருக்கும், காரத்தில் கழன்று வரும் அந்தப் பாஸ்பேட்டை நிறமானியில் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஆண் மீன்தான் அடிமட்டம். ஆணிலும் ஏறியிருந்தால் அது வேறு கதை. 1990-களில் இங்கிலாந்து ஆறுகளில் கழிவுநீர் விழும் இடங்களுக்குக் கீழே ஆண் மீனின் ரத்தத்தில் இந்தப் புரதம் இருந்ததைப் பார்த்துத்தான், பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள்கள் தண்ணீரில் இருப்பதைப் பிடித்தார்கள். நம் கரையிலும் யாராவது ஒருநாள் அதைத் தேடத்தான் போகிறார்கள், அப்போது சாதாரண ஆண் ஓராவின் ஈரல் ஐப்பசியில் எப்படி இருக்கும், வைகாசியில் எப்படி இருக்கும் என்ற கணக்கு இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது. அவளுடைய வேலைக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று சொன்னபோதுதான் அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆக நான் சொன்ன ஏற்பாடு இது. ஓரா, தென்கடல், ஒற்றை இரவுக் கூடு, அமாவாசைக் கணக்கு. 144 மீனுக்கும் தராசும் பாரஃபினும் பாஸ்பேட்டும். சினையை நான்கு நிலையாகப் பிரித்து, ஸ்லைடு பார்த்து முடித்த பிறகு, ஒவ்வொரு நிலைக்கும் ஆணில் மூன்று பெண்ணில் மூன்று, மொத்தம் 24 துண்டு மட்டும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு. அதற்காக ஒவ்வொரு மீனிலிருந்தும் ஒரு மில்லிமீட்டர் துண்டை முன்கூட்டியே பதப்படுத்திப் பிசினில் பதித்துச் சேமித்துவிட வேண்டும், எது தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியாது. கணக்கை மாதத்தால் மட்டும் போடாமல் சினை நிலையாலும் போட வேண்டும், ஏனென்றால் மீனுக்குப் புரட்டாசி ஐப்பசி தெரியாது.

வழிகாட்டி கடல்விராலை விடவில்லை, அவருக்குத் திட்டம் அதில் இருக்கிறது. அதனால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கூண்டுக் கடல்விரால் ஈரல் ஆறு எடுப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள், தீனி மிகுந்த, சினை பிடிக்காத ஈரல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ஒப்பீடாக. இது மோசமில்லை, நானே யோசித்திருக்கலாம். காக்காவிடம் பேசியாயிற்று, இந்த அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் கூடு போடுகிறார். கிராம்பு எண்ணெய் வாங்கிவிட்டாள். தடித்த கையுறை வாங்கச் சொன்னேன், மெல்லிய கையுறையே போதும் என்கிறாள், ஓரா அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கட்டும், நான் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன்.